உன் கதையில் வராத அப்பா

ராசா,

வெள்ளிக்கிழமை நீ பஸ் ஏறுவதற்கு முன் இதை முழுக்க வாசித்துவிடு. நீ மன்னாரிலிருந்து போனில் குரலாகப் பதிந்து அனுப்பிய கேள்விக்குக் குரலிலேயே பதில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். முதல் முறை அப்பா கிணற்றடியில் பெயின்ட் பிரஷ் கழுவிக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துகொண்டு, ஆர், அவனோ என்று கேட்டார். நான் சொல்லப்போகும் விஷயம் அவர் காதில் விழுந்தால் என்னைச் சொல்ல விடமாட்டார். அதனால் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்த கொப்பிகளில் ஒன்றை எடுத்து எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். என் எழுத்து விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே. இந்த எழுத்தைப் பார்த்துத்தான் நீ ஆனா ஆவன்னா எழுதப் பழகினாய்.

நாங்கள் இந்திய அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த நாளை நீ இரண்டு விதமாக எழுதி அனுப்பியிருக்கிறாய். ஒன்று உன் கூட்டாளிகள் எடுக்க நிற்கும் குறும்படத்துக்கு, ஸ்கிரிப்டாக. மற்றது யாழ்ப்பாணத்துச் சஞ்சிகைக்கு, கதையாக. இரண்டில் ஒன்றைத்தான் வெளியே விடுவேன், சென்னைக்குச் சினிமா படிக்கப் போகுமுன் எது என்று சொல்லியாக வேண்டும், நீங்கள் வாசித்துவிட்டுச் சொல்லுங்கோ என்று கேட்டாய். கேட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நானாட்டான் சந்தியில் இருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். நான் முன்பள்ளிக்குப் போய்வந்த நேரத்தில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்து முடித்திருந்தார். தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவர் பாராட்டிவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்ட கேள்விக்குப் பதில். முன்பள்ளி டீச்சருக்கு ஸ்கிரிப்டைப் பற்றி என்ன தெரியும் என்று உன் கூட்டாளிகள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஊரே கூடியிருந்த இடத்தில் ஒரு ஸ்கிரிப்டைக் கெடுத்தவள் நான். அவர்களுக்கு இன்னும் அந்த அனுபவம் வாய்க்கவில்லை.

உனக்குப் பதினாலு வயது இருக்கும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் போடுகிற இயேசுவின் பாடுகளின் நாடகத்தை அந்த வருடம் என்னை எழுதச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டார். எங்கள் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். மேடையில் நிற்பவர்கள் வாய் திறப்பதில்லை. திரைக்குப் பின்னால் ஒருவர் மைக்கில் வாசிப்பார், முன்னால் நிற்பவர்கள் கையாலும் முகத்தாலும் நடிப்பார்கள். வாசித்தவள் நான். பேதுருவாக நின்றவர் உன் அப்பா. பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுக்கிற இடத்தை எழுதும்போது எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிட்டது. முற்றத்தில் நெருப்பு எரிகிறது, பேதுரு குளிர்காய்கிறார், அவர் மனதுக்குள் என்னவெல்லாம் ஓடுகிறது என்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன். பயம், வெட்கம், அவர் வலை போட்ட கடல், வீட்டிலிருக்கும் மனைவி, ஒன்றையும் விடவில்லை. எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது.

நாடகத்தன்று பின்னேரம் திரைக்குப் பின்னால் நின்று உருக உருக வாசித்தேன். முன்னால் அப்பா சிவப்பு பல்ப் வைத்த விறகுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் முடிந்தது. உள்ளங்கையைத் திருப்பி மற்றப் பக்கத்தைக் காட்டினார். இரண்டாம் பக்கம் போனது. திரும்பவும் கையைப் பிரட்டினார். பாவம், அவருக்குச் செய்ய வேறு என்ன இருந்தது? மூன்றாம் பக்கத்தின் நடுவில், பேதுருவின் இதயம் உடைகிற இடத்தில், சனத்துக்குள் இருந்து ஆரோ ஒருவர், "பேதுரு, கை வெந்துபோகும், எடு" என்றார். முழுக் கோயில் வளவும் சிரித்தது. போனிலிருந்து சேவல் கூவின சத்தமும் அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை. நீ முன்வரிசையிலிருந்து எழும்பிப் போய்விட்டாய். வீட்டுக்கு வந்து நான் அழுதுகொண்டிருக்க, அப்பா சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, நீ இவ்வளவு கதைப்பாய் என்று தெரிந்திருந்தால் இன்னொரு சோடிக் கை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருப்பேனே என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்த வருடம் அந்த மூன்று பக்கத்தையும் வெட்டினேன். சேவல் கூவுகிறது, பேதுரு திரும்பிப் பார்க்கிறார், வெளியே போகிறார். அவ்வளவுதான் எழுதினேன். அப்பா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, சனத்துக்கு நடுவால் நடந்து போனார். போன வருடம் சிரித்த ஆட்களே மூக்கை உறிஞ்சினார்கள். அன்றைக்குத்தான் ஸ்கிரிப்ட் என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது. அது சமைக்கத் தெரிந்த இன்னொருவர் கையில் கொடுக்கிற, சாமான் பெயர் எழுதின துண்டு. என்ன வேண்டுமென்று எழுதலாம், ருசியை எழுதக்கூடாது. ருசி அவர்கள் கையில் இருக்கிறது. கதை அப்படியில்லை, அதை நீயே சமைத்து நீயே பரிமாற வேண்டும். உப்புக் கூடினால் ஏச்சும் உனக்குத்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வெட்டின அந்த மூன்று பக்கத்தையும் நான் எறியவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு அதைக் கதையாக வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெட்டை மட்டும், பேதுருவுக்குப் பிறகு நித்திரை வந்திருக்குமோ டீச்சர் என்று கேட்டாள். எழுத்தில் குற்றம் இருக்கவில்லை, நான் அதை வைத்த இடந்தான் பிழை.

இப்போது உன்னுடையதற்கு வருவோம். ஸ்கிரிப்டை நான் மூன்று முறை வாசித்தேன். வெளி, பகல், முகாம் வாசல் என்று தொடங்குகிறது. வாகனம் நிற்கிறது. அம்மா மூட்டையை ஏற்றுகிறாள். எட்டு வயதுப் பையன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒருவரும் வரவில்லை. அம்மா ஏறுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு வருடம் கழித்து, ஊரில், வீட்டு முற்றம். அப்பா வருகிறார், ஒரு பையை நீட்டுகிறார். குளோசப்பில் ஒரு சோடிச் சின்னச் செருப்பு. பையனின் கால் பாதிதான் உள்ளே போகிறது. பையன் நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிறான். அதோடு முடிகிறது. தன் பிள்ளையின் கால் அளவு தெரியாத ஒரு தகப்பன் என்று நீ ஒரு சொல்கூட எழுதவில்லை, ஆனால் பார்க்கிற எல்லோருக்கும் அது விளங்கிவிடும். கெட்டிக்காரன்தான். எனக்கும் அழுகை வந்தது.

கதையாக எழுதினது மற்ற மாதிரி. அதில் நீ என் தலைக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறாய். வாகனத்தில் இருக்கும் அம்மா பிறந்த மண்ணின் வாசத்தை நினைக்கிறாள், கைவிட்ட கணவனை மன்னிக்கமாட்டேன் என்று மனதுக்குள் சபதம் எடுக்கிறாள் என்று ஒன்றரைப் பக்கம் போகிறது. மகன், நான் அந்த நேரத்தில் மண்ணையும் நினைக்கவில்லை, சபதமும் எடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து ஒன்றுக்குப் போக இடம் கிடைக்காமல் எனக்கு முட்டிக்கொண்டிருந்தது. அதைவிட வேறொன்றையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நீ எப்படி எழுதியிருக்க முடியும், நான் உனக்குச் சொல்லவே இல்லையே. ஒருவரின் மனதுக்குள் போய் எழுதுவதென்றால் கேட்டுவிட்டுப் போகவேண்டும். நீ கேட்கவில்லை என்று கோபிக்கிறேன், ஆனால் நீ கேட்டிருந்தாலும் நான் மழுப்பியிருப்பேன். இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, அதற்கு முன்னும் இரண்டு தரம் ஊருக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலில் எங்களுடைய பெயர் வந்தது. முதல் தரம், ஊரில் இன்னும் நிலைமை சரியில்லை என்று அப்பா தள்ளிப்போட்டார். இரண்டாம் தரம் நான் விடாப்பிடியாக நின்றேன். அப்போதும் நீயும் நானும் முன்னால் போய் வீட்டைப் பார்ப்பது, அவர் பிறகு வருவது என்றுதான் பேச்சு. மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நீ அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாய். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. தானே ஏறி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பிள்ளை அழுகிறான், அடுத்த முறை பார்ப்போம் என்றார். நானும் தலையாட்டினேன். அவர் அழைத்தால் போகாமல் இருக்க எனக்கு ஒருநாளும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த முகாம் அறைக்குத் திரும்பி வந்து, பக்கத்துக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இடையில் சுவராகத் தொங்கின என் பழைய சேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ அந்தச் சேலைக்குப் பின்னால் வளர்ந்து, அதற்குப் பின்னாலேயே கல்யாணமும் கட்டிவிடுவாய் என்று பயந்துபோனேன்.

மூன்றாம் முறை பெயர் வந்தபோது அப்பா இரண்டு மணித்தியாலம் தள்ளியிருந்த ஒரு டவுனில் பெயின்ட் வேலையில் இருந்தார், கிழமைக்கு ஒரு முறைதான் வருவார். நீயும் நானும் முன்னால் போகச் சம்மதமென்று கடதாசியில் எப்போதோ கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தார். எத்தனை மணிக்கு வாகனம் என்று போனில் கேட்டார். காலை பத்து மணிக்கு வாகனம். நான் பின்னேரம் நாலு மணி என்று சொன்னேன்.

அவ்வளவுதான் ராசா. எனக்கு நேரம் மாறிப்போகவில்லை, தெரிந்துதான் சொன்னேன். அவர் வாசலில் வந்து நின்றால் நீ அழுவாய், நீ அழுதால் அவர் மூட்டையை இறக்குவார், அவர் இறக்கினால் நானும் இறங்குவேன். நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய், அது உண்மை. நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்பதும் உண்மை. அப்பா ஏன் வரேல்ல என்று நீ கேட்டாய். வேலையாக்கும் என்று நான் சொன்னேன். வழி முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பொய்யைத்தான்.

அவர் அன்றைக்கு வந்தார். நாலு மணிக்கு முன்னால் வரவேண்டுமென்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டார். பக்கத்து அறையில் இருந்த அக்கா ஒரு மாதத்துக்குப் பிறகு போனில் எனக்குச் சொன்னா. பெயின்ட் பட்ட சேட்டோடு, கையில் ஒரு பையோடு வந்தாராம். வாகனம் காலையிலேயே போய்விட்டது என்று வாசலில் நின்ற காவலாளி சொல்லியிருக்கிறார். அந்த வாசல் கட்டிலேயே பொழுதுபடுமட்டும் இருந்தாராம். பைக்குள் உனக்கு வாங்கின செருப்பு இருந்தது. அன்றைக்கு அது உன் காலுக்கு அச்சொட்டாக இருந்திருக்கும். ஊரில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போகக்கூடாதென்று வாங்கினாராம். இரண்டு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வந்த அன்று நேரே மடுவுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அதைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினார். கால் வளர்ந்திருக்கும் என்று தெரியாத மனுசன் இல்லை அவர். வாங்கினதைக் கொடுக்க வேண்டுமென்று நினைத்தார், வேறொன்றுமில்லை.

நீ செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் ஏன் அண்டைக்கு வரேல்ல?" என்று கேட்டாய். அப்போது அவர் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உன் தலையைத் தடவி, "வேலை இருந்தது, மகன்" என்றார். நான் உனக்குச் சொன்ன பொய் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் சரியாக அதையே சொன்னார். நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவள் நான். என்னை அவர் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு நீ அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. ஓம், இல்லை, ம் என்பதோடு சரி. அப்பா சாப்பிட்டாரோ என்றுகூட என்னிடம்தான் கேட்பாய். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டுமென்று நினைப்பேன். நீ என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, அம்மாதான் எனக்கு எல்லாம் என்பாய், என் வாய் மூடிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் உனக்கு நான் குறைந்துபோய்விடுவேன் என்ற பயம். இதை எழுதும்போதும் அந்தப் பயம் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் விடலாம். விட்டால் அது எனக்குப் போதாத தண்டனைதான். ஒரு தரம் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், நீங்கள் ஏன் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று. "நீ சொன்ன நேரத்துக்கு நான் வந்தனான். அதுக்கு மேல என்ன கேக்கிறது?" என்றார். அப்படிப்பட்ட ஆளோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது?

இனி நீ முடிவு எடு. தொடங்கும்போது கதையாகவே எழுது என்று சொல்லத்தான் நினைத்தேன். செருப்பைக் குளோசப்பில் காட்டலாம், அது எந்த நாளில் வாங்கின செருப்பு என்பதைக் காட்ட முடியாது என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எழுத எழுத என் எண்ணம் மாறிவிட்டது. வெளி, பிற்பகல், அதே வாசல். வாகனம் போய்விட்டது. பெயின்ட் பட்ட சேட்டோடு ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அதற்கு ஒரு வசனமும் தேவையில்லை. அப்பாவைப் படமாகத்தான் எடுக்க வேண்டும், அவருக்குள் புகுந்து மூன்று பக்கம் எழுத வெளிக்கிடாதே, கை வெந்துபோகும். என் பங்குதான் கதைக்கு உரியது. பத்து என்று தெரிந்துகொண்டு நாலு என்று சொன்னவள் ஏன் சொன்னாள் என்பதை எந்தக் கமராவாலும் பிடிக்க முடியாது. அதை நீ எழுதினால் என்னை நல்லவளாக்க வேண்டாம். கெட்டவளாக்கவும் வேண்டாம், எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்து எழுது. இரண்டையும் ஒரே தாளில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியாது, அதைப் படிக்கத்தானே போகிறாய். ஆனால் இப்போது எழுதி வைத்திருக்கும் இரண்டையும் ஒருத்தரிடமும் கொடுக்காதே. அதை ஊர் வாசித்தாலும் பார்த்தாலும் அப்பா, நல்லா எழுதியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டுதான் திரிவார்.

இன்னுமொன்று. உன் கடைசிக் குரல்பதிவில் வெள்ளிக்கிழமை மன்னாரிலிருந்து கொழும்புக்கு எத்தனை மணி பஸ் என்று எனக்குச் சொல்லிவிட்டு, "அப்பாட்டச் சொல்லாதேங்கோ, அவருக்கு வேலை இருக்கும்" என்று முடித்திருந்தாய். நேற்றுப் பின்னேரம் அவர் என்னிடம், அவன் எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறான் என்று கேட்டார். இன்னும் தெரியாது என்று சொல்லிவிட்டேன், திரும்பவும் ஒரு பொய். அவர் அடம்பனில் பெயின்ட் அடிக்கிற வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை முழுநாளும் தன்னால் வரேலாது என்று சொன்னார். முதல் பஸ்ஸிலேயே மன்னாருக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் நிற்கப்போகிறாராம். விடியக்காலையிலிருந்து கடைசிக் கொழும்பு பஸ் போகுமட்டும் நிற்பதற்குச் சாப்பாடு கட்டித் தரச் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லும் நேரத்தை இனி அவர் நம்பத்தான் வேண்டுமா, ராசா? அவருக்குப் போன் எடு. பஸ் எத்தனை மணிக்கு என்று நீயே சொல்லு.

அம்மா